புதுப்பிப்பு: எதிலும் ஏறும் என் மகள்

தண்டையார்பேட்டை வீட்டில் என் ஐந்து வயது மகள் ஜன்னல், அலமாரி, மாடித் தண்ணீர்த் தொட்டி என எதையும் விடாமல் ஏறுகிறாள், அடக்குவதா விடுவதா என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

அடக்கவில்லை. வீட்டைத்தான் மாற்றினோம். மொட்டைமாடிச் சுவரோரம் கிடந்த பழைய கட்டிலையும் பூந்தொட்டிகளையும் நகர்த்தியாயிற்று. பக்கத்தில் ஏறி நிற்க ஏதாவது இருந்தால் சுவர் எவ்வளவு உயரமாக இருந்தும் பயனில்லை. பால்கனி கிரில்லின் குறுக்குக் கம்பிகள் அவளுக்கு ஏணி. அதனால் வெல்டரிடம் சொல்லி நேர்க்கம்பிகளாக மாற்றி, இடைவெளியை 10 சென்டிமீட்டருக்குள் வைத்தோம். தலை நுழையாது.

"சிலம்பத்துல சேத்துவிடுங்கக்கா" என்று ஒரு தம்பி எழுதியது அருமையான யோசனை. மாஸ்டர் முதலில் காலடி வரிசைதான் பழக்குகிறார். "கம்பு எப்ப தருவீங்க மாஸ்டர்?" என்று தினமும் நச்சரிக்கிறாள். ஆனால் வீட்டுக்கு வந்ததும் நன்றாகச் சாப்பிட்டுத் தூங்கிவிடுகிறாள்!

ஒன்றில் மட்டும் நான் இறங்கி வரமாட்டேன். கடல் அரிப்பைத் தடுக்கக் கரையோரம் கொட்டியிருக்கும் பாறைகள். பாசி வழுக்கும், அலை எப்போது ஏறும் என்று சொல்ல முடியாது. "பயப்படாத ஆயா, நான் உன்ன புடிச்சிக்கிறேன்" என்று என் அம்மாவை அங்கே இழுக்கிறாள். அந்தத் தைரியம் எனக்குப் பெருமைதான், பாறைக்கு மட்டும் அனுமதி கிடையாது.

அடுத்து நீச்சல். ராயபுரம், திருவொற்றியூர் பக்கம் சின்னப் பிள்ளைகளுக்குப் பொறுமையாகச் சொல்லித்தருபவர் தெரிந்தால் சொல்லுங்கள்.