ஹேல்ஸ் தேவாலயச் சுவர்: சக்கிமுக்கிக் கல் எப்படி நிற்கிறது, சிமென்ட் ஏன் கெடுக்கிறது?

வாசல்படி கேட்டது:
இங்கிலாந்தின் நார்ஃபோக் பகுதியில் ஹேல்ஸ் கிராமத்துப் புனித மார்கரெட் தேவாலயம் 12-ஆம் நூற்றாண்டுக் கட்டடம். வட்டக் கோபுரம், அரைவட்டமாக முடியும் பீடப்பகுதி, நாணல் கூரை. சுவரெல்லாம் சக்கிமுக்கிக் கல். மூன்று சந்தேகங்கள். மூலைக்கு வைக்க வெட்டுக்கல் கிடைக்காததால்தான் கோபுரத்தை வட்டமாகக் கட்டினார்கள் என்பது சரியா? கோணல்மாணலான கற்கள் எப்படிச் சுவராக நிற்கின்றன? இந்த வகைச் சுவரில் கற்களுக்கு நடுவே உள்ள சந்தைச் சிமென்ட் வைத்து அடைத்தால் கற்கள் கொட்டுகின்றனவாம். சிமென்ட் சுண்ணாம்பைவிட உறுதியாயிற்றே?

காரைக்கரண்டி:
இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். மற்றவற்றுக்கும் விடை அதற்குள்தான் இருக்கிறது.

சக்கிமுக்கி தண்ணீர் குடிக்காத கல். வெளியே பால்வெள்ளைத் தோல், உடைத்தால் உள்ளே கண்ணாடிபோல் கருப்பு. செங்கல் காரையின் ஈரத்தை உறிஞ்சி ஒட்டிக்கொள்ளும். சக்கிமுக்கியோ ஈரக் காரைமேல் வழுக்கும். அவசரப்பட்டு உயர்த்தினால் பாரம் தாங்காமல் கீழ்க்காரை பிதுங்கி, சுவர் வயிறு தள்ளும். அதனால் ஓரடி, ஒன்றரை அடி எழுப்பி, நிறுத்தி, இறுகவிட்டுத்தான் அடுத்த படை. உள்முகம், வெளிமுகம் இரண்டையும் சேர்த்தே ஏற்றி, நடுவில் சில்லும் காரையும் நிரப்புவார்கள். நீளமான கல்லை வால் உள்ளே போகும்படி வைப்பார்கள். அந்த வால்தான் முகத்தை நடுவோடு கட்டிப்போடுகிறது.

கல்லும் அதைப் பிடிக்கும் சுண்ணாம்பும் ஒரே பாறையின் பிள்ளைகள். சீமைச்சுண்ணாம்புப் பாறைக்குள்தான் சக்கிமுக்கி விளைகிறது. அதே பாறையைச் சுமார் 900 டிகிரி செல்சியஸில் சுட்டால் 100 கிலோவுக்கு 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு. மீதி கரியமில வாயுவாகப் போய்விடும். சுவரில் இறுகும்போது காற்றிலிருந்து அதே வாயுவைத்தான் திரும்ப வாங்கிக்கொள்கிறது. தடித்த சுவரின் நடுவரை அது போய்ச் சேர ஆண்டுகள் ஆகும். பனியில் உறைந்தால் இறுகாத காரை மாவாகிவிடும். ஆகவே வசந்தத்தில் தொடங்கி இலையுதிர்காலத்தில் வேலையை நிறுத்தி, சுவர்த்தலையை வைக்கோலும் சாணமும் போட்டு மூடிவிடுவது அக்கால வழக்கம்.

மூலைமட்டம்:
வட்டக் கோபுரம் பற்றி. மூலைக்கல் பஞ்சம் என்ற விளக்கம் பல இடங்களில் எழுதப்படுகிறது. எனக்கு அது ஒப்பவில்லை. கோபுரத்தை ஒட்டி நிற்கும் நடுக்கூடத்தைப் பாருங்கள்: அது நீள்சதுரம், அதற்கு மூலைகள் உண்டே! அங்கே மூலை கட்டத் தெரிந்தவர்களுக்குக் கோபுரத்தில் கட்டத் தெரியாதா? நார்ஃபோக்கில் மட்டும் 120-க்கு மேல் வட்டக் கோபுரங்கள் இருக்கின்றன. அந்த வட்டாரத்துக்குப் பிடித்துப்போன வடிவம் என்றே கொள்ளலாம். வட்டத்தில் பிளவு தொடங்க மூலை இல்லை என்பது உண்மையான ஆதாயம். ஆனால் அதுவே காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன்.

நல்ல செதுக்குக் கல் நார்ஃபோக்கில் கிடையாது என்பது மட்டும் சரி. 1096-இல் தொடங்கிய நாரிச் பேராலயத்துக்கே நார்மண்டியின் கான் நகர்க் கல்லைக் கடல்வழியாகக் கொண்டுவந்தார்கள். கிராமத்துக்காரர்கள் அந்தச் செலவை எங்கே வைத்தார்கள் என்பதை ஹேல்ஸின் வடக்கு வாசலில் பார்க்கலாம்: வளைவுக்குள் வளைவாக, இடைவெளி விடாத செதுக்கு.

ஈரமானி:
சிமென்ட் விஷயம். உறுதிதான் அங்கே வினை. கல் ஈரத்தை வெளியேற்றாது என்பதால் சுவர் மூச்சுவிட இருக்கும் ஒரே வழி காரைச் சந்து. அதைச் சிமென்டால் அடைத்தால், மயிரிழை விரிசல் வழியே உள்ளே போன மழை அங்கேயே தங்கும். குளிரில் உறைந்து விரியும். பின்னாலிருக்கும் பழைய காரை பொடியாகும். கடைசியில் சிமென்ட் அப்படியே இருக்க, முகக்கற்கள் அதோடு சேர்ந்து பலகைபோல் பெயர்ந்து வரும்.

சுவரடியில் இது அதிகம். நாணல் கூரைக்கு மழைக்கால்வாய் கிடையாது. இறவாரம் நீண்டு நின்று தண்ணீரைத் தள்ளி ஊற்றும், அது தரையில் தெறித்து அடிச்சுவரை நனைக்கும்.

திருத்தும் முறை: சிமென்டை உளி சுத்தியலால் மட்டும் எடுக்க வேண்டும், அறுக்கும் இயந்திரம் கூடாது. குறைந்தது 25 மி.மீ. ஆழம். ஒரு பங்கு சுண்ணாம்புக் களிக்கு மூன்று பங்கு கூர்மணல். பழைய காரையை லேசாக நனைத்தால் போதும், கல்லில் தண்ணீர் நின்றால் புதுக்காரை வழுக்கிவிடும். அகலமான சந்தில் சக்கிமுக்கிச் சில்லு செருகினால் சுருக்கம் குறையும். மறுநாள் சற்று இறுகியதும் கெட்டித் தூரிகையால் குத்தி அடர்த்தியாக்கி, ஈரச் சாக்கு போர்த்த வேண்டும். 5 டிகிரிக்குக் கீழே போகும் நாட்களில் தொடவே கூடாது.

வாசல்படி:
மிக்க நன்றி. எது பழைய காரை, எது பிற்காலச் சிமென்ட் என்று நேரில் பார்த்து எப்படிப் பிரிப்பது?

காரைக்கரண்டி:
ஆணியால் கீறிப் பாருங்கள், தளர்ந்த துணுக்கில் மட்டும். சிமென்ட் சாம்பல் நிறம், ஆணி வழுக்கும். சுண்ணாம்புக் காரை மணல்மணலாக உதிரும். உடைந்த முகத்தை உற்றுப் பார்த்தால் பட்டாணி அளவில் வெள்ளைக் கட்டிகள் தெரியும்: சரியாகக் கலக்காத சுண்ணாம்பு. பக்கத்தில் கரித்துணுக்கும் இருந்தால் அது சூளையிலிருந்து வந்தது. அந்தச் சந்தைக் கிளறாமல் விட்டுவிடுங்கள்.