பாக்ஸர் எஞ்சின் (ரெண்டு பக்கமும் சிலிண்டர் நீட்டிக்கிட்டிருக்கிற பைக்) ஓட்டறவங்க வாங்க: இன்னும் மனசை விட்டுப் போகாத ஒரு சம்பவம்

நட்டு_மறந்தவன்

எங்க போனேன், ஏன் போனேன்லாம் விட்டுடறேன். மலையேறறதுக்கு முந்தின ராத்திரி தங்கின இடம். காலையில வெளிய வந்தா என் பிஎம்டபிள்யூ ஆர்1250 ஜிஎஸ் பக்கத்துல ஒரு பழைய பிஎம்டபிள்யூ ஆர்75/5, பக்கவாட்டுல குரோம் தகடு வெச்ச டோஸ்டர் டேங்க். பெரியவர் ஒருத்தர் சாக்கை விரிச்சு உக்காந்து வால்வு மூடியைக் கழட்டிக்கிட்டிருக்கார். நடுவுல ஒரு நட்டு, ஓரத்துல ரெண்டு, அவ்வளவுதான், மூடி கையோட வந்துடுச்சு. நான் என் வண்டியில அதுவரைக்கும் ஒரு ஸ்குரூவைக்கூடத் தொட்டதில்ல.

"பாக்கறியா தம்பி?"ன்னு வால்வு இடைவெளி அளக்கற மெல்லிசுத் தகடு, ஃபீலர் கேஜை நீட்டினார். வலது பக்கத்தை அவரே முடிச்சார். டாப் கியர் போட்டு, பின்சக்கரத்தைக் கையால உருட்டி, எஞ்சின் பக்கத்து ஜன்னல்ல ஓ.டி. குறி (பிஸ்டன் உச்சிக்கு வந்த அடையாளம்) வந்ததும் நிறுத்தினார். இடது பக்கம் இன்டேக் வால்வு அவர், எக்ஸாஸ்ட் வால்வு நான். 0.20 மி.மீ. தகடு. "ரெண்டு ஈரத்துணிக்கு நடுவுல இருந்து தாளை உருவற மாதிரி வரணும்"னார். திருகினேன், இழுத்தேன், திரும்பத் திருகினேன். ஒரு கட்டத்துல தகடு விரலைப் பிடிச்சு விட்ட மாதிரி இருந்துச்சு. சரியா வந்துடுச்சுன்னு சிரிச்சேன். அதே நேரம் கூட வந்தவன் மாடியில இருந்து கூப்பிட்டான், எழுந்து போயிட்டேன்.

திரும்பி வந்தா மூடி போட்டாச்சு. செல்ஃப் இருந்தும் கிக்கர்தான் உதைச்சார். த்ராட்டிலைத் திருகினதும் வண்டி வலது பக்கம் ஒரு குலுக்கு குலுக்கிச்சு. கையைத் தூக்கிக் காட்டிட்டுப் போயிட்டார்.

திருகின ஸ்குரூ நகராமப் பிடிக்கற அந்த லாக் நட்டை நான் இறுக்கினேனா? மூணு வருஷமா இதே யோசனை.

முழங்கால்_சூடு

லாக் நட்டு லூஸா இருந்தா எஞ்சின் சும்மா இருக்காது. ரெண்டு சிலிண்டர் ஹெட்டும் காலுக்கு முன்னாடி வெளிய நீட்டிக்கிட்டிருக்கு. டக்டக்னு தட்ட ஆரம்பிச்சா அடுத்த வளைவுலயே அவருக்குக் கேட்டிருக்கும். அந்தக் காது எத்தனை வருஷமா அதைக் கேட்டுக்கிட்டிருக்கோ. நிம்மதியாத் தூங்குங்க.

என் கதை சின்னது. ஆர்80 ஜி/எஸ், மழை, சேறு. தப்பு என்னுதுதான், தேவையில்லாம முன் பிரேக்கைப் பிடிச்சேன். வண்டி இடது பக்கம் விழுந்துது. கால் போச்சுன்னே முடிவு பண்ணிட்டேன். குனிஞ்சு பாத்தா வண்டி சிலிண்டர் மேல சாஞ்சு கிடக்கு, அதுக்கும் என் காலுக்கும் நடுவுல ஒரு சாண் இடைவெளி. 1980-ல வந்த மாடல், அடுத்த வருஷமே பாரிஸ்-டக்கார் ஜெயிச்சுதுன்னு எல்லாரும் பெருமையாச் சொல்வாங்க. எனக்கு அந்த ஒரு சாண்தான் ஞாபகம். இப்ப வர்ற, தண்ணியால எஞ்சினை ஆறவைக்கற வண்டியில இது கிடைக்குமா? பூரா சென்சார், ஆத்மாவே இல்ல.

ஐயாயிரம்_ஆர்பிஎம்

கிடைக்கும் சார். சிலிண்டர் இன்னும் ரெண்டு பக்கமும்தான் நீட்டிக்கிட்டிருக்கு, யாரும் கழட்டிட்டுப் போகல. 1923-ல வந்த ஆர்32 வெறும் 494 சிசி, 8.5 குதிரைத்திறன். என் ஆர்1250 1254 சிசி, 136 குதிரைத்திறன். ரெண்டுலயும் பிஸ்டன்கள் ஒண்ணா வெளிய போகுது, ஒண்ணா உள்ள வருது. ஒண்ணோட உதறலை இன்னொண்ணு அடிச்சுடுது. நீங்க ஆத்மா ஆத்மாங்கறது இதைத்தான்னா, அது இங்கயும் இருக்கு. 2013-லயும் ரொம்ப சூடாகிற ஹெட் பக்கம்தான் தண்ணி விட்டாங்க, மிச்சத்தை இன்னும் காத்துதான் பாத்துக்குது.

சம்பவத்துக்கு வர்றேன். அப்பாவைப் பின்னாடி உக்கார வெச்சு ஒரு நீள லாரியை ஓவர்டேக் பண்ணினேன். எப்பவும் "மெதுவா"ன்னு தொடையில தட்டுவார், அன்னைக்குத் தட்டல. வீட்டுல இறங்கினதும், "நடுவுல என்னமோ மாறிச்சே, என்னது அது?"ன்னார். ஷிஃப்ட்கேம்! சுமார் 5000 ஆர்பிஎம்ல இன்டேக் கேம் நகர்ந்து, வால்வை இன்னும் அதிகமாத் திறக்கற பெரிய லோபுக்கு மாறற விஷயம். சொல்லிக் குடுத்தாலும் எனக்கே பல நேரம் பிடிபடாது. அப்பா மெக்கானிக் இல்ல, கேஷியரா இருந்து ரிட்டயர் ஆனவர்.

வெள்ளைப்_புகை

சண்டையை அப்புறம் வெச்சுக்கங்க. ஆஸ்பத்திரி பார்க்கிங், விடியற நேரம், நாலு நாளா சைடு ஸ்டாண்டுலயே நின்ன என் ஏர்ஹெட் (காத்துலயே ஆறற பழைய பாக்ஸர்). வண்டி இடது பக்கம் சாஞ்சு நின்னா ஆயில் பிஸ்டன் ரிங்கைத் தாண்டி இடது சிலிண்டருக்குள்ள கசியும்னு தெரியும். தெரிஞ்சும் மறந்துட்டேன். ஸ்டார்ட் பண்ணினதும் இடது சைலன்சர்ல இருந்து புகை, பக்கத்துக் கார் கண்ணுக்குத் தெரியல. வாட்ச்மேன் தீயணைப்பு சிலிண்டரைத் தூக்கிக்கிட்டு ஓடி வர்றார், பின்னைப் பிடுங்கியாச்சு. நான் எஞ்சின் முன்னாடி கையை விரிச்சு நின்னு, "வேணாம்ணே, ஆயில்தான், இப்ப நின்னுடும்"னு கத்தறேன்.

ரெண்டு நிமிஷத்துல நின்னுடுச்சு. பிடுங்கின பின்னை உள்ளங்கையில வெச்சுக்கிட்டு அவர் என்னைப் பாத்தார் பாருங்க. உள்ள படுத்திருந்த ஆளைப் பத்திக்கூட அன்னைக்கு நான் அவ்வளவு யோசிக்கல.

பெட்டியோட_வர்றவன்

சைடுகார் வெச்ச ரஷ்ய பைக் யூரால் கணக்குல வருமா? வராதுன்னு சொல்றவங்களுக்கு: 1941-ல சோவியத்ல எம்-72 செய்ய ஆரம்பிச்சதே பிஎம்டபிள்யூ ஆர்71-ஐப் பாத்துத்தான்.

சைடுகார் வலது பக்கம், உள்ள அம்மா. ஆள் உக்காந்தா சக்கரம் தூக்காதுங்கற தைரியத்துல வலது வளைவுல கொஞ்சம் வேகமாத் திருப்பிட்டேன். பெட்டி மெதுவா மேல வருது. அம்மா முகம் என் தோள் மட்டத்துக்கு வந்துடுச்சு. மடியில இருந்த பையை மட்டும் இறுக்கிப் பிடிச்சுக்கிட்டு, "இது இப்படித்தான் போகுமாடா?"ன்னு சாதாரணமாக் கேட்டாங்க. "ஆமாம்மா"ன்னுட்டேன். இன்னிக்கு வரைக்கும் அதை நம்பிக்கிட்டிருக்காங்க.

முழங்கால்_சூடு

யூரால் கண்டிப்பா வரும். 1250தான் யோசிக்கணும்.

டயோடு_போர்டு

என் அனுபவம் ஒரே வரி: பேட்டரி ஒயரை எடுக்காம முன் மூடியைக் கழட்டினேன், ஒரு பொறி, பேட்டரி சார்ஜ் ஆக கரண்டை மாத்திக் குடுக்கற டயோடு போர்டு காலி. அதனால சொல்றேன், நட்டு மறந்தவரே, கேட்டுக்கங்க. முன் மூடியைத் தொடணும்னா முதல்ல பேட்டரி நெகட்டிவ். வால்வு பாக்கறது எஞ்சின் முழுசா ஆறினதுக்கு அப்புறம்தான், ராத்திரி நிறுத்தி காலையில பாக்கறது உத்தமம். இன்டேக் 0.10, எக்ஸாஸ்ட் 0.20. லாக் நட்டை இறுக்கும்போது ஸ்குரூவும் கூடவே ஒரு மயிரிழை சுத்தும். அதனால இறுக்கினதுக்கு அப்புறம் தகடை இன்னொரு தடவை விட்டுப் பாக்கணும், பாக்காதவன் வேலை தெரியாதவன். ஆயில் ஃபில்டர் மாத்தும்போது அந்த வெள்ளை ஓ-ரிங் ஜாக்கிரதை. அது சரியா உக்காரலைன்னா பிரஷர் போகும், அப்புறம் எஞ்சினே போகும். கியர்பாக்ஸ் ஸ்ப்ளைனுக்கு கிரீஸ் வெச்சு எத்தனை நாளாச்சு? கார்ப்பரேட்டர் டயாஃப்ரமை வெளிச்சத்துல பிடிச்சு ஓட்டை இருக்கான்னு பாருங்க. ரெண்டு கார்ப்பரேட்டரும் ஒரே நேரத்துல திறக்குதான்னு கேபிளைப் பாருங்க. இதையெல்லாம் ஒரு நோட்டுல எழுதி வெச்சுக்கங்க.

நட்டு_மறந்தவன்

நன்றி சார். என் வண்டியில கார்ப்பரேட்டரே கிடையாது.

ஆனா தகடை இன்னொரு தடவை விட்டுப் பாக்கணும்னீங்களே. வலது பக்கம் அவர் ரெண்டு தடவை விட்டுப் பாத்தார், இப்பத்தான் ஞாபகம் வருது. நான் ஒரு தடவைதான் விட்டேன்.

முழங்கால்_சூடு

டயோடு சார், இப்ப திருப்தியா? மனுஷனைத் தூங்க வெச்சிருந்தேன்.

பின்சீட்டு

இவ்வளவு நேரம் சும்மா படிச்சுக்கிட்டிருந்தேன். அந்த டோஸ்டர் டேங்க் நீலமா? போன மாசம் ஒரு சிக்னல்ல என் பக்கத்துல வந்து நின்னுச்சு ஒரு ஆர்75/5. நீலம், குரோம் தகடுல கட்டைவிரல் அளவுக்கு ஒரு பள்ளம். ஆனா ஓட்டினது பெரியவர் இல்லீங்க, இருபத்தஞ்சு வயசு இருக்கும், ஒரு பொண்ணு. ஹெல்மெட் அவங்களுக்குக் கொஞ்சம் பெருசு. பச்சை விழுந்ததும் போயிட்டாங்க.

நட்டு_மறந்தவன்

நீலம்தான். பள்ளமும் இருந்துச்சு.

இடது பக்கம் சத்தம் எப்படி இருந்துச்சு?