மெட்டைக் கடன் வாங்காத பகடிப் பாடல்கள் நம்மை ஏன் இவ்வளவு ஈர்க்கின்றன?

சந்தப்பிரியன் கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். அமெரிக்கப் பகடிப் பாடகர் வியர்ட் ஆல் யாங்கோவிக்கின் பாடல்களைப் பல ஆண்டுகளாகக் கேட்டு வருகிறேன். மைக்கேல் ஜாக்சனின் ‘பீட் இட்’ பாடலை அவர் 1984இல் ‘ஈட் இட்’ என்று மாற்றிப் பாடியதிலிருந்துதான் பலரையும் போல நானும் தொடங்கினேன். அந்த வகைப் பாடலில் மெட்டு அப்படியே இருக்கும், சொற்கள் மட்டும் மாறியிருக்கும். மூலப் பாடல் மனத்துக்குள் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் மேல் வேறொரு கதை ஏறி வருவதுதான் அதில் கிடைக்கும் இன்பம்.

ஆனால் சில காலமாக என்னைப் பிடித்து வைத்திருப்பவை அவருடைய வேறு வகைப் பாடல்கள். அவற்றில் மூலப் பாடல் என்று ஒன்றும் கிடையாது. மெட்டும் சொல்லும் அவருடையவை. பாணி மட்டும் இன்னொரு கலைஞருடையது. இதுவரை கேட்டிராத பாட்டு ஒன்று ஒலிக்கிறது, ஆனால் இரண்டாவது வரிக்குள்ளேயே அது யாருடைய சாயல் என்று காது கண்டுபிடித்துவிடுகிறது. அந்தக் கணத்தில் எனக்கு வரும் சிரிப்பு, நகைச்சுவைக்கு வரும் சிரிப்பாகத் தோன்றவில்லை. கூட்டத்தில் பழகிய முகம் ஒன்றைக் கண்டதும் வரும் மகிழ்ச்சிக்குத்தான் அது நெருக்கமாக இருக்கிறது.

இதைப் பற்றி என் அண்ணனிடம் பேசியபோது, ஒரு கலைஞர் வாழ்நாள் முழுவதும் உழைத்துக் கண்டடைந்த பாணியை இன்னொருவர் எடுத்து விளையாடுவது மரியாதைக் குறைவு என்றார். அவர் அமெரிக்க இசைக்கலைஞர் பிராங்க் ஜாப்பாவின் தீவிர ரசிகர். தமக்குப் பிடித்தவர்களைப் பற்றி யார் சிரித்தாலும் பொறுக்கமாட்டார். அப்போது அவருக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. இத்தகைய பாடல்களில் இருப்பது கேலியா, அன்பா? அன்பு என்றால், அது பாட்டுக்குள் எங்கே இருக்கிறது என்று காட்ட முடியுமா?

கீபோர்டுக்காரர் எழுதுகிறார்:

காட்ட முடியும் என்றே நினைக்கிறேன். 1985இல் வெளிவந்த ‘டேர் டு பி ஸ்டூபிட்’ பாடலை எடுத்துக்கொள்ளுங்கள். அது டீவோ என்ற அமெரிக்க ராக் குழுவின் பாணியில் எழுதப்பட்டது. மேலோட்டமாகக் கேட்பவர் டீவோவிடமிருந்து எடுத்துக்கொள்ளக்கூடியவை விறைப்பான தாளமும், இயந்திரம் பேசுவது போன்ற குரலும், சிந்தசைசரின் கூர்மையான ஒலியும்தான். யாங்கோவிக் அவற்றோடு நிறுத்தவில்லை. டீவோவின் பாடல் வரிகள் எப்படிச் சிந்திக்கின்றன என்பதையும் அவர் பிடித்திருக்கிறார். 1980இல் வந்த அவர்களுடைய ‘விப் இட்’ பாடல், தன்னம்பிக்கை ஊட்டும் முழக்கங்களை அடுக்கிக்கொண்டே போகும். அந்த முழக்கங்களே ஒரு பகடி என்பது கவனித்துக் கேட்டவர்களுக்குத்தான் தெரியும். யாங்கோவிக்கின் பாடலும் அறிவுரைகளின் அடுக்குதான், ஆனால் அவ்வளவும் தலைகீழானவை. எல்லோரும் செய்யாதே என்று சொல்லும் காரியங்களையே செய் என்கிறது. டீவோவின் நகைச்சுவை எங்கிருந்து பிறக்கிறது என்று அறிந்த ஒருவரால்தான் இதை எழுதியிருக்க முடியும்.

டீவோவின் மார்க் மதர்ஸ்பா இந்தப் பாடலைக் கேட்டு அதிர்ந்துபோனதாகவும், தாம் கேட்டவற்றிலேயே அவ்வளவு அழகானது அது என்றும், அதற்காகவே யாங்கோவிக்கை வெறுப்பதாகவும் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில் சொல்லியிருக்கிறார். ஒரு கலைஞர் இன்னொரு கலைஞருக்குத் தரக்கூடிய பாராட்டில் இதைவிடப் பெரியது என் நினைவுக்கு வரவில்லை.

உங்கள் அண்ணனுக்குச் சொல்ல இன்னொரு செய்தியும் இருக்கிறது. யாங்கோவிக் 2003இல் ‘ஜீனியஸ் இன் பிரான்ஸ்’ என்று ஏறத்தாழ ஒன்பது நிமிடப் பாடல் ஒன்றை முழுக்க முழுக்க ஜாப்பாவின் பாணியில் வெளியிட்டார். அதன் தொடக்கத்தில் வரும் கிட்டாரை வாசித்தவர் பிராங்க் ஜாப்பாவின் மகன் ட்வீசில். தந்தை 1993இலேயே மறைந்துவிட்டார். தந்தையை இழிவுபடுத்தும் பாட்டு என்று நினைத்திருந்தால் மகன் கிட்டாரைக் கையில் எடுத்திருப்பாரா? தி டோர்ஸ் என்ற ராக் குழுவின் பாணியில் யாங்கோவிக் எழுதிய ‘கிரெய்க்ஸ்லிஸ்ட்’ பாடலிலும் அந்தக் குழுவின் ரே மன்சாரெக்கே வந்து கீபோர்டு வாசித்தார். அந்த வாசிப்பைக் கேட்டுக் கேட்டு விரல் பழகியவன் என்பதால், அதில் அவருடைய இடது கை நகரும் விதத்தைக் கேட்கும்போது எனக்கு இன்னும் மெய்சிலிர்க்கிறது.

வரிகளைத் தேடுபவர் எழுதுகிறார்:

நான் பாட்டு எழுதிப் பார்ப்பவன். பாணியைப் பிடிப்பது எவ்வளவு கடினம் என்பதை முயன்று பார்த்த பிறகுதான் அறிந்தேன். அமெரிக்கப் பாடகர் பாப் டிலன் பாணியில் ஒரு பாடல் எழுத வேண்டும் என்று ஒரு முறை உட்கார்ந்தேன். முதல் முயற்சியில் எல்லோருக்கும் தெரிந்த அடையாளங்களை வைத்துக் கட்டினேன்: மவுத் ஆர்கன், மூக்கால் இழுக்கும் குரல், ஒவ்வொரு வரியின் முடிவிலும் ஒரு நீட்டல். நண்பர்களிடம் பாடிக் காட்டினேன். முதல் வரியிலேயே யாருடைய பாணி என்று கண்டுபிடித்துவிட்டார்கள்; மூன்றாவது வரியில் அவர்களுடைய கவனம் போய்விட்டது. கண்டுபிடித்த பிறகு அவர்கள் கேட்பதற்கு நான் ஒன்றும் வைத்திருக்கவில்லை.

அதற்குப் பின், டிலன் பாணியில் யாங்கோவிக் எழுதிய ‘பாப்’ (Bob) என்ற பாடலைத் திரும்பவும் கேட்டேன். இதுவும் ‘ஜீனியஸ் இன் பிரான்ஸ்’ வந்த அதே 2003 ஆல்பத்தில்தான் இருக்கிறது. இடமிருந்து வலமாகப் படித்தாலும் வலமிருந்து இடமாகப் படித்தாலும் மாறாத வரிகளைக் கொண்டே முழுப் பாடலும் அமைந்திருக்கிறது. தலைப்பும் அப்படிப்பட்ட சொல்தான். நம் இலக்கணத்தில் இதற்கு மாலைமாற்று என்று பெயர் உண்டு, திருஞானசம்பந்தர் ஒரு பதிகத்தையே அவ்வாறு பாடியிருக்கிறார், ஆகவே இந்த உழைப்பின் அருமை தமிழ் வாசகர்களுக்குச் சொல்லாமலே புரியும். என்னை வியக்க வைத்தது அந்த வித்தையைக் காட்டிலும் வித்தைக்கும் பாணிக்கும் இருக்கும் பொருத்தம். எழுத்துக்கணக்குக்குக் கட்டுப்பட்டு வரும் வரிகளில் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத சொற்கள் பக்கத்தில் பக்கத்தில் வந்து விழும். அப்படி விழும்போது அவற்றுக்குள் ஏதோ ஆழ்ந்த பொருள் ஒளிந்திருப்பது போன்ற மயக்கம் உண்டாகும். டிலனின் வேகமான, புதிர் நிறைந்த பாடல்களைக் கேட்கும்போது நாம் அடையும் மயக்கமும் ஏறத்தாழ இதுவே. ஒரு பாணியின் உள்ளே என்ன நடக்கிறது என்பதைக் கட்டுரையாக எழுதாமல், ஒரு விதியாக மாற்றி, அந்த விதியைக் கொண்டே பாட்டை எழுதியிருக்கிறார்.

என் பாட்டைக் கிழித்துவிட்டு மறுபடி தொடங்கியபோது குரலையும் கருவியையும் முற்றிலும் மறந்துவிட்டேன். ஒரு பாடலை மட்டும் எடுத்துக்கொண்டு, அவர் மூச்சு வாங்கும் இடங்களைத் தாளில் குறித்தேன். வரி முடிகிற இடத்தில் அவர் மூச்சு விடுவதில்லை, வரியின் நடுவில் விடுகிறார். அதனால் அடுத்த வரி முந்தைய வரியின் மீது இடித்துக்கொண்டு வருகிறது. இதைக் குறிக்கவே எனக்கு நான்கு மாலைகள் ஆயின. பாட்டு இன்னும் முடியவில்லை, ஆனால் அந்த ஒரு பாடலை இப்போது நான் அறிந்திருக்கும் அளவுக்கு வேறு எந்தப் பாடலையும் அறியேன். அன்பு எங்கே இருக்கிறது என்று கேட்டீர்கள். என் வரையில் அது அந்தத் தாளில் இருக்கிறது.

நால்வர் இசை எழுதுகிறார்:

மேற்கத்தியச் செவ்விசையிலும் இந்த வழக்கம் உண்டு என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மொட்சார்ட் 1787இல் ‘இசை நகைச்சுவை’ என்ற படைப்பை எழுதினார். திறமை குறைந்த ஒரு இசையமைப்பாளர் எழுதியது போல வேண்டுமென்றே கட்டப்பட்டது அது. ஹார்ன்கள் அபசுரம் வாசிக்கும், கடைசியில் ஒவ்வொரு கருவியும் வெவ்வேறு சுருதியில் போய் முடியும். விதிகளை முழுமையாக அறிந்தவரால்தான் அவற்றை இவ்வளவு நுட்பமாகத் தவறவிட முடியும்.

எனக்கு மிகவும் நெருக்கமானவர் பீட்டர் ஷிக்கெலே. நியூயார்க்கின் ஜூலியார்ட் இசைப்பள்ளியில் பயின்ற இவர், பி. டி. க்யூ. பாக் என்ற கற்பனை இசையமைப்பாளரைப் படைத்து, பாக் குடும்பத்தின் மறக்கப்பட்ட மகன் என்று அறிமுகப்படுத்தி, பிறந்த ஆண்டு 1807, மறைந்த ஆண்டு 1742 என்று வாழ்க்கைக் குறிப்பும் கொடுத்தார். 1965இல் நியூயார்க்கின் டவுன் ஹாலில் முதல் பெரிய கச்சேரியை நடத்தியவர், 2024இல் மறையும் வரை அந்தப் பெயரோடு பிரிக்க முடியாதவராகவே இருந்தார். பாக் காலத்துப் பரோக் இசையின் இலக்கணம் அந்தப் படைப்புகளில் பெரும்பாலும் சிதையாது. எதிர்பார்க்காத கருவியோ எதிர்பார்க்காத மெட்டோ உள்ளே நுழையும்போதுகூட அடிப்படைச் சுரம் பெரும்பாலும் சரியான இடத்தில்தான் இருக்கும்.

பழைய இசைத்தட்டு எழுதுகிறார்:

மேலே எழுதியவர்களோடு பெரும்பாலும் உடன்படுகிறேன், ஆனால் மெட்டை அப்படியே எடுத்து எழுதும் பகடியைக் கீழே இறக்கிவிட வேண்டாம் என்று வேண்டிக்கொள்கிறேன். மெட்டு கடனாகக் கிடைத்துவிட்டதால் அங்கே வேலை எளிது என்று நினைப்பது தவறு. மூலத்தில் நெடில் விழுந்த இடத்தில் குறிலை வைத்தால் பாடகரின் குரல் தடுக்கி விழும். பல்லவியில் உச்சத்துக்குப் போகும் சுரத்தின் மீது எந்த உயிரெழுத்து உட்காருகிறது என்பதைக்கூட எழுதுபவர் காக்க வேண்டும்.

அமெரிக்க நகைச்சுவைப் பாடகர் டாம் லெரர் 1959இல் வெளியிட்ட ‘தி எலிமென்ட்ஸ்’ பாடலைப் பாருங்கள். ஆங்கிலேய இசையமைப்பாளர் சல்லிவன் 1879இல் ஓர் ஓப்பராவுக்காக அமைத்த மெட்டில், அன்று அறியப்பட்டிருந்த 102 தனிமங்களின் பெயர்களையும் சந்தம் பிசகாமல் அடுக்கியிருக்கிறார். அதே ஆண்டில் வந்த ‘கிளமென்டைன்’ நிகழ்ச்சிப் பதிவையும் கேளுங்கள்: ஒரே நாட்டுப்புறப் பாடலை அமெரிக்கப் பாடலாசிரியர் கோல் போர்ட்டர் எழுதியிருந்தால் எப்படி இருக்கும், மொட்சார்ட் எழுதியிருந்தால் எப்படி இருக்கும் என்று வரிசையாகப் பாடிக் காட்டுவார். ஒருவரே இரண்டு வகையிலும் தேர்ந்திருந்தார் என்பதற்காகச் சொல்கிறேன்.

மரியாதையைப் பற்றியும் ஒரு சொல். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1994இல், வணிக நோக்கத்தோடு செய்யப்படும் பகடியும் நியாயமான பயன்பாடாக, அதாவது உரிமையாளரின் அனுமதி தேவைப்படாத பயன்பாடாக, அமையக்கூடும் என்று தீர்ப்பளித்தது. ஆனாலும் யாங்கோவிக் மூலக் கலைஞரிடம் அனுமதி கேட்கும் வழக்கத்தை விடவில்லை. நிர்வாணா குழுவின் கர்ட் கோபெய்னிடம் கேட்டபோது, உணவைப் பற்றிய பாட்டா என்று அவர் கேட்டார். பாட்டின் சொற்கள் யாருக்கும் புரிவதில்லை என்பதைப் பற்றியது என்றதும் சம்மதித்துவிட்டார். பாடகர் பிரின்ஸ் எப்போதும் மறுத்தார். யாங்கோவிக்கும் அதை மதித்து விலகியே இருந்தார். ராப் பாடகர் கூலியோவின் பாடலில் மட்டும், அனுமதி கிடைத்துவிட்டது என்று நம்பி 1996இல் வெளியிட, கூலியோ தாம் அனுமதிக்கவே இல்லை என்று வருந்தினார். பின்னாளில் தம் கோபம் தவறு என்று கூலியோவே சொன்னார் என்றாலும், அந்தச் சம்பவத்தைக் குறை என்றே நான் கருதுகிறேன்.

நீல் இன்னஸின் ரட்டில்ஸ் என்ற கற்பனைக் குழுவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பீட்டில்ஸ் பாணியில் அவர் எழுதிய பாடல்கள் 1978இல் ஒரு பகடித் தொலைக்காட்சிப் படத்தோடு வந்தன. மூலப் பாடல்களை மறுபடி கேட்காமல் நினைவிலிருந்தே எழுதியதாக அவர் சொல்லியிருக்கிறார். அவற்றில் ஒன்று, பீட்டில்ஸின் வெளிவராத பாடல் என்றே நம்பப்பட்டு, திருட்டுப் பதிவு ஒன்றில் இடம்பெற்றது. பீட்டில்ஸ் பாடல்களின் உரிமை வைத்திருந்த நிறுவனம் இன்னஸின் உரிமையில் பங்கு கேட்டுப் பெற்றது, ஆனால் பீட்டில்ஸ் குழுவின் ஜார்ஜ் ஹாரிசனோ அந்தப் படத்தில் தாமே வந்து நடித்தார்.

சந்தப்பிரியன் எழுதுகிறார்:

எல்லோருக்கும் என் நன்றி. மூச்சு வாங்கும் இடங்களைக் குறித்த தாளைப் பற்றிப் படித்த பிறகு வெகு நேரம் வேறு எதையும் படிக்க முடியவில்லை.

நேற்று மாலை அண்ணனை உட்காரவைத்து, யாருடைய பாட்டு என்று சொல்லாமல் ‘ஜீனியஸ் இன் பிரான்ஸ்’ பாடலைப் போட்டேன். தொடக்கத்துக் கிட்டாரைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். இது பிராங்க் வாசித்ததில்லை, ஆனால் அந்தக் கை இந்தக் கைக்குத் தெரிந்திருக்கிறது என்றார். மகன் வாசித்தது என்று அப்போதுதான் சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல் கையை நீட்டிப் பாட்டை முதலிலிருந்து ஓடவிட்டார். பாட்டின் போக்கு மாறும் ஒவ்வோர் இடத்திலும் நிறுத்தி, இது எந்தக் காலத்து ஜாப்பா, இந்தத் தாளம் எங்கிருந்து வருகிறது, இந்தக் குரல் எந்த ஆல்பத்தில் கேட்டது என்று சொல்லிக்கொண்டே வந்ததில், ஒன்பது நிமிடப் பாட்டைக் கேட்டு முடிக்க எங்களுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று.