புல்டாக்கோ ஷெர்ப்பா டி: பிரித்துப் பார்த்தவர்கள் பகிரும் விவரங்கள்

பிஸ்டன்போர்ட்:
ஷெர்ப்பா டி, ட்ரயல்ஸ் பைக் போட்டிக்காக ஸ்பெயினின் புல்டாக்கோ நிறுவனம் செய்த டூ-ஸ்ட்ரோக் வண்டி. ட்ரயல்ஸ் வேகப் போட்டி அல்ல. பாறை, ஓடை, சேற்றுச் சரிவு என்று குறித்துவைத்த சிறு சிறு பகுதிகளைக் கால் ஊன்றாமல் கடக்க வேண்டும். ஒருமுறை ஊன்றினால் 1 புள்ளி, வண்டி நின்றால் 5. குறைந்த புள்ளி வாங்கியவரே வெற்றியாளர். 1960களின் தொடக்கத்தில் இது பெரும்பாலும் பிரிட்டிஷ் ஃபோர்-ஸ்ட்ரோக் வண்டிகளின் கோட்டை. நம்மூர் புல்லட்டின் முன்னோருக்கும் அதில் இடம் உண்டு: ஜானி பிரிட்டன் 350 சிசி ராயல் என்ஃபீல்டு புல்லட்டில் ஸ்காட்லாந்தின் ஆறு நாள் ட்ரயலை 1952-லும் 1957-லும் வென்றார்.

கிரீவ்ஸ் போன்ற டூ-ஸ்ட்ரோக் வண்டிகள் அப்போதே களத்தில் இருந்தன. ஆனாலும் பெரிய பாறைப் படிகளில் அடியிலிருந்து, அதாவது குறைந்த ஆர்.பி.எம்.மில், இழுக்க ஃபோர்-ஸ்ட்ரோக்கால்தான் முடியும் என்று பலரும் நம்பினார்கள். அந்த நம்பிக்கையை உடைத்தது ஷெர்ப்பா.

ஸ்பெயினின் மொன்டேசா பைக் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஃபிரான்சிஸ்கோ பூல்தோ, பந்தயங்களிலிருந்து விலகும் அந்நிறுவன முடிவை ஏற்காமல் வெளியேறி 1958-இல் பார்சிலோனாவுக்குப் பக்கத்தில் புல்டாக்கோவைத் தொடங்கினார். பூல்தோ என்ற குடும்பப் பெயரும் பாக்கோ என்ற செல்லப் பெயரும் சேர்ந்ததுதான் புல்டாக்கோ. 1964 இலையுதிர் காலத்தில் அவர் சாமி மில்லரை ஸ்பெயினுக்கு வரவழைத்தார். வட அயர்லாந்துக்காரரான மில்லர் அதுவரை 500 சிசி ஏரியலில் பிரிட்டிஷ் ட்ரயல்ஸை ஆண்டவர். இருந்த எஞ்சினை வைத்துக்கொண்டு, ஃபிரேமையும் ஸ்டீயரிங் கோணத்தையும் பவரின் தன்மையையும் சில நாட்களிலேயே மாற்றிப்போட்டார்கள். 1965-இல் அதே ஆறு நாள் ட்ரயலை மில்லர் ஷெர்ப்பாவில் வென்றார். 1967, 1968-லும் வென்றார். எவ்வளவோ இளைத்தும் ஏரியல் 110 கிலோ அளவில் நின்றது. ஷெர்ப்பா 90 கிலோவை ஒட்டி இருந்தது. பாறைமேல் முன்சக்கரத்தைத் தூக்கிவைக்கிறவருக்கு அந்த 20 கிலோ எவ்வளவு பெரிது என்று தெரியும்.

ரெண்டுஷாக்:
எடை பாதிக் கதைதான். மீதி எஞ்சினில் இருக்கிறது. 72 மி.மீ. போர் (சிலிண்டர் விட்டம்), 60 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்), 244 சிசி. யமஹா ஆர்.எக்ஸ். 100 பழகியவர்கள் கவனிக்க: இதில் ரீட் வால்வு (இன்டேக்கில் திறந்து மூடும் மெல்லிய தகடு) கிடையாது. பழைய ராஜ்தூத் போலப் பிஸ்டனின் பாவாடைதான் இன்டேக் போர்ட்டைத் திறந்து மூடுகிறது. அப்படி இருந்தும் அடியில் இழுக்கக் காரணங்கள் மூன்று: எக்ஸாஸ்ட் போர்ட் தாமதமாகத் திறக்கும், கார்புரேட்டர் வாய் சிறியது, ஃப்ளைவீல் கனமானது. நடை வேகத்தில் ஒவ்வொரு வெடிப்பும் காதில் தனியாக விழும், ஆனால் எஞ்சின் நிற்காது. "இன்னும் கொஞ்சம் பவர் எடுப்போம்" என்று போர்ட்டை அராவுவோர் உண்டு. தயவுசெய்து வேண்டாம். போர்ட்டின் உயரத்தை ஏற்றினால் பவர் மேல் ஆர்.பி.எம்.முக்குப் போய்விடும், ஷெர்ப்பாவின் உயிர் போய்விடும்.

வரிசையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதல் வண்டி மாடல் 10, 4 கியர். பிறகு 5 கியர். கடைசிக் கால வண்டிகளில் 6 கூட வந்தது. 1970களில் போர் 83.2 மி.மீ. ஆகி 326 சிசி வண்டி சேர்ந்தது. 1975-இல் உலகச் சாம்பியன்ஷிப் தொடங்கியதும் முதல் ஐந்து பட்டங்களும் புல்டாக்கோவுக்கே: மார்ட்டின் லாம்ப்கின் ஒன்று, பின்லாந்தின் யூர்யோ வெஸ்டரினன் மூன்று, 1979-இல் அமெரிக்காவின் பெர்னி ஷ்ரைபர் ஒன்று. அந்த வெற்றிக் காலத்திலேயே தொழிற்சாலைக்குள் வேலைநிறுத்தங்களும் பணமுடையும் இறுகிக்கொண்டிருந்தன. 1980களின் தொடக்கத்தில் உற்பத்தி நின்றது. ஒரு நல்ல வண்டி தோற்காமலே நின்றுபோனது என்பதுதான் வருத்தம்.

மிக்சர்40:
இப்போது வாங்குகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது பெட்ரோல் டாங்க். பழைய ஷெர்ப்பாக்களின் மூல டாங்க் பெரும்பாலும் ஃபைபர் கிளாஸ். எத்தனால் கலந்த பெட்ரோல் அந்தப் பழைய ரெசினை மெல்லக் கரைக்கும். கரைந்தது பிசினாக மாறி கார்புரேட்டரின் ஜெட்டில் (பெட்ரோல் போகும் சிறு துளை) அடைக்கும், ஸ்லைடில் (த்ராட்டிலுக்கு ஏறி இறங்கும் பாகம்) ஒட்டும், பிஸ்டன் ரிங்கைக் காடியிலேயே சிக்கவைக்கும். மூடியைத் திறந்து உள்சுவரை நகத்தால் அழுத்துங்கள். பிசுபிசுத்தால் டாங்க் கரைய ஆரம்பித்துவிட்டது என்று பொருள். 20 சதவீத எத்தனால் விற்கும் ஊரில் இது இன்னும் வேகமாக நடக்கும்.

அலுமினிய டாங்க் கிடைத்தால் அதுவே நிம்மதி. மூல டாங்க்தான் வேண்டும் என்றால், பழைய படலத்தை முழுதும் நீக்கி, உள்ளே எண்ணெய்ப்பசை இல்லாமல் பல நாள் காயவைத்து, எத்தனாலைத் தாங்கும் எபாக்சி பூச வேண்டும். ஈரம் மிஞ்சினால் பூச்சு தோலாக உரியும். பூசிய பிறகும், ஓட்டி முடித்ததும் பெட்ரோலை வடித்துவிடுங்கள்.

ஆயில் கலப்பு: பழைய கையேட்டின் 20:1 அந்தக் கால ஆயிலுக்கானது. இன்றைய நல்ல டூ-ஸ்ட்ரோக் ஆயிலுக்கு 40:1, அதாவது 5 லிட்டருக்கு 125 மி.லி. விகிதத்தை மாற்றினால் பைலட் ஜெட் (மெதுவான ஓட்டத்துக்குப் பெட்ரோல் தரும் ஜெட்) சரியா என்று மறுபடி பாருங்கள். ஆயில் குறைந்தால் அதே ஜெட்டில் பெட்ரோல் சற்றுக் கூடுதலாகப் போகும்.

சீல்கிட்:
கிளட்ச் பக்க ஆயிலும் கியர்பாக்ஸ் ஆயிலும் இதில் தனித்தனி அறை. கிளட்ச் பக்கம் 300 மி.லி. மெல்லிய ஆயில், கியர்பாக்ஸில் 600 மி.லி. எஸ்.ஏ.இ. 90. வடிக்கும்போது அளந்து வடியுங்கள், வண்டியின் நோய் அதிலேயே தெரியும். ஒரு அறையில் குறைந்து மறு அறையில் கூடியிருந்தால், இரண்டுக்கும் நடுவே கசிவு. கிளட்ச் பக்கம் மட்டும் குறைந்து, சைலன்ஸரில் அடர்ந்த புகையும் பிளக்கில் எண்ணெய் ஈரமும் இருந்தால், அந்தப் பக்கத்துக் கிராங்க் சீல் (கிராங்க் தண்டைச் சுற்றிய ரப்பர் அடைப்பு) போய், எஞ்சின் அந்த ஆயிலை உறிஞ்சுகிறது. இது தொல்லை, ஆனால் ஆபத்து குறைவு. மேக்னெட் (பிளக்குக்கு மின்சாரம் தரும் காந்தச் சக்கரம்) பக்க சீல் போனால் புகையே வராது. எஞ்சின் காற்றை இழுக்கும், ஐடிலிங் தானாக ஏறும், த்ராட்டிலை விட்டாலும் இறங்காது. அப்படியே ஓட்டினால் கலவை மெலிந்து பிஸ்டன் ஜாம் ஆகும். ஊகிக்க வேண்டாம்: இன்டேக்கையும் எக்ஸாஸ்ட்டையும் அடைத்து, பிளக் துளை வழியே 6 பி.எஸ்.ஐ. காற்று ஏற்றுங்கள். 6 நிமிடம் இறங்காமல் நின்றால் நல்லது. இறங்கினால் சோப்புத் தண்ணீர் தடவி எங்கே குமிழ் வருகிறது என்று பாருங்கள்.

ரெண்டுஷாக்:
சீல் மாற்ற மேக்னெட்டைக் கழற்றினால் அதற்குரிய புல்லரால்தான் கழற்ற வேண்டும். சுத்தியல் பட்டால் காந்தம் பலவீனமாகும், கிராங்க் வளையும். மாட்டும்போது கிராங்க், மேக்னெட் இரண்டின் டேப்பரையும் (கூம்பு முகம்) எண்ணெய் இல்லாமல் துடையுங்கள். பிடிமானம் டேப்பரில்தான், இடையில் செருகும் சிறு உலோகச் சாவியில் அல்ல. ஃபெம்சா மேக்னெட்டின் பாயிண்ட் (மின்சாரத்தைத் துண்டிக்கும் தொடுமுனை) இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ. குளிரில் ஒரே உதையில் கிளம்பி, சூடானதும் நின்று, ஆறியதும் மறுபடி கிளம்பினால் முதலில் கண்டன்ஸர், அடுத்து காயில். கார்புரேட்டரைத் திருகிக்கொண்டிருப்பது வீண்.

பிஸ்டன்போர்ட்:
அமால் கார்புரேட்டர் பற்றி ஒன்று. அதன் ஃபிளாஞ்ச் நட்டுகளை முறுக்கி இறுக்கினால் முகம் வளையும்; ஓரத்தில் காற்று புகும், ஸ்லைடும் உள்ளே பிடிக்கும். சமக் கண்ணாடிமேல் எமரி தாள் வைத்துத் தேய்த்து மட்டமாக்கி, புது ஓ-ரிங் போட்டு, இரண்டு நட்டையும் மாற்றி மாற்றிக் கையளவு இறுக்கினால் போதும். காற்றுத் திருகை முழுதும் மூடி ஒன்றரைச் சுற்றுத் திறந்து ஆரம்பியுங்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் பாதி த்ராட்டிலுக்கு மேல் மூச்சு முட்டினால் சைலன்ஸரின் நடுப்பெட்டியைக் கழற்றுங்கள். மெதுவாகவே ஓடும் வண்டி என்பதால் ஆயிலும் கார்பனும் தாராக அதில் படியும். இரும்புப் பெட்டி என்றால் காஸ்டிக் சோடாக் கரைசலில் ஓரிரவு ஊறவிடலாம். சோடாவைத்தான் தண்ணீரில் போட வேண்டும், சோடாமேல் தண்ணீர் ஊற்றக் கூடாது. கண்ணைக் காக்கும் கண்ணாடி, கையுறை கட்டாயம். அலுமினியப் பாகம் எதையும் அதில் போட்டுவிடாதீர்கள், அரித்துவிடும்.

சீல்கிட்:
டயர்: முன்னே 2.75-21, பின்னே 4.00-18. காற்று பின்னால் 4 முதல் 5 பி.எஸ்.ஐ., முன்னால் 6 முதல் 7. இவ்வளவு குறைந்த காற்றில் டயர் ரிம்மில் நழுவி டியூப் வாயைப் பிய்க்கும். ஆகவே டயரைப் பிடிக்கும் ரிம் லாக் இரண்டு சக்கரத்திலும் இறுக்கமாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டே பாறையில் ஏறுங்கள். சாலையில் ஓட்டுவதற்கு முன் காற்றைக் கூட்டிக்கொள்ளுங்கள்.