நாலரை வயசுக்கு டியூஷன்: பியாஜே பக்கம் யாரு, வைகாட்ஸ்கி பக்கம் யாரு?

பெரம்பூர்_அப்பா:
பையன் எல்கேஜி, நாலரை வயசு. தெருமுனை டியூஷன்ல இந்த வயசுப் பசங்களுக்கே ரெண்டு இலக்கக் கூட்டல் சொல்லித் தர்றாங்க. பக்கத்து ஃப்ளாட் பசங்க எல்லாம் போறாங்கன்னு வீட்ல தினமும் இதே பஞ்சாயத்து. நான் முடியாதுன்னுட்டேன்.

குழந்தைங்க யோசிக்கிற விதம் எப்படி வளருதுன்னு ஆராய்ஞ்ச சுவிஸ் உளவியலாளர் பியாஜே, அதை நாலு கட்டமா பிரிச்சு வெச்சிருக்கார். 2 வயசு வரைக்கும் தொட்டு, கடிச்சு, தூக்கிப் போட்டுத் தெரிஞ்சுக்கிறது. 2லேர்ந்து 7 வரைக்கும் பேச்சு, பாவனை விளையாட்டு எல்லாம் வரும், தர்க்கம் நிக்காது. 7க்கு மேல கையில இருக்கிற பொருளை வெச்சு யோசிக்கும். கண்ணுல படாத விஷயத்தைப் பத்தி யோசிக்கிறதெல்லாம் 11, 12க்கு அப்புறம்.

அவரோட தண்ணிச் சோதனையை வீட்லயே பண்ணினேன். ஒரே மாதிரி ரெண்டு டம்ளர்ல தண்ணி. "ரெண்டும் சமமா?" "சமம்". ஒண்ணை ஒல்லியான உயர பாட்டில்ல ஊத்திட்டு, "இப்ப சமமா?" "பாட்டில்லதான் நிறைய". இவனுக்கு 27+15 எதுக்கு?

கேகேநகர்_கீதா:
சார், அந்தச் சோதனையை இன்னுமா அப்படியே நம்புறீங்க? 1974ல மெக்காரிகிள், டொனால்ட்சன்னு ரெண்டு ஆராய்ச்சியாளர்கள் இதையே மாத்திச் செஞ்சாங்க. ரெண்டு வரிசையில ஒரே எண்ணிக்கையில வில்லைகள். ஒரு வரிசையைப் பெரியவங்க கலைக்காம, குறும்புக்காரக் கரடி பொம்மை வந்து கலைச்ச மாதிரி காட்டினாங்க. அதே வயசுப் பிள்ளைங்கள்ல நிறைய பேர் எண்ணிக்கை மாறலைன்னு சரியா சொல்லிட்டாங்க.

பெரியவர் வேணும்னே எதையோ மாத்திட்டு அதே கேள்வியை மறுபடி கேட்டா பிள்ளை என்ன நினைக்கும்? நம்ம வகுப்புல டீச்சர் ரெண்டாவது தடவை கேட்டாலே முதல் பதில் தப்புன்னு அர்த்தம். உங்க பையன் தண்ணியைப் பார்த்தானா, உங்க மூஞ்சியைப் பார்த்தானா?

ரஷ்ய உளவியலாளர் வைகாட்ஸ்கி சொன்னது வேற. பிள்ளை தனியா செய்யறதுக்கும், தெரிஞ்சவங்க துணையோட செய்யறதுக்கும் நடுவுல ஒரு இடைவெளி இருக்கு. சொல்லித்தர்றது அந்த இடத்துல நடக்கணும். வளர்ச்சி தானா வரட்டும்னு காத்திருந்தா எப்படி?

பெரம்பூர்_அப்பா:
காத்திருக்கச் சொல்லல மேடம், அவசரப்படாதீங்கன்னு சொல்றேன். அமெரிக்காவுல பியாஜே கிட்ட "இந்தக் கட்டங்களை வேகமா தாண்ட வைக்க முடியுமா"ன்னு திரும்பத் திரும்பக் கேட்டிருக்காங்க. அவர் அதுக்கு "அமெரிக்கக் கேள்வி"ன்னே பேர் வெச்சுட்டார்.

நைட்ஷிஃப்ட்:
இப்ப தாம்பரத்துல ரெண்டு நாள் தங்கியிருந்தா சென்னைக் கேள்வின்னு மாத்தியிருப்பார் தல.

ஓய்வுபெற்ற_டீச்சர்:
மாநகராட்சிப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு எடுத்தவள் என்பதால் எழுதுகிறேன். 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் வந்தபோது நாங்களும் முதலில் முணுமுணுத்தோம். பிள்ளைகள் தரையில் வட்டமாக உட்கார்ந்தார்கள். அட்டைகளை எடுத்து, ஏணிப்படிபோல் ஒவ்வொருவரும் அவரவர் படியில் ஏறினார்கள். ஒரே வகுப்பில் ஒருத்தி மூன்றாம் படியில் இருப்பாள், இன்னொருவன் ஒன்பதாம் படியில் இருப்பான். ஆறு வயது என்றால் இதுதான் வரும் என்ற எண்ணம் அங்கேயே எனக்குப் போய்விட்டது. அந்த அளவில் கீதா சொல்வது சரி. பியாஜேவின் கட்டங்களைக் காலண்டர்போல் சுவரில் மாட்ட முடியாது. அவர் தம் சொந்தப் பிள்ளைகள் மூவரையும் உட்கார்ந்து கவனித்து எழுதியவர். அந்தக் கவனிப்பை விட்டுவிட்டு வயதை மட்டும் எடுத்துக்கொண்டோம்.

ஆனால் கீதா, டியூஷனுக்கு வைகாட்ஸ்கியைச் சாட்சிக்கு அழைப்பது நியாயமில்லை அம்மா. அவர் சொன்ன துணை, இந்தப் பிள்ளை எங்கே தடுமாறுகிறது என்று பக்கத்தில் இருந்து பார்ப்பது. இருபது பேருக்கு ஒரே ஒர்க்‌ஷீட்டைக் கொடுத்துவிட்டுப் போனில் இருப்பது துணையாகாது. சின்ன வயதில் பாவனை விளையாட்டே அந்த இடைவெளியை உண்டாக்குகிறது என்றும் எழுதியவர் அவர். "நான்தான் டீச்சர்" என்று குச்சியோடு நிற்கும் பிள்ளை தன் வயதைத் தாண்டி நடந்துகொள்வதைப் பார்த்ததில்லையா?

அடையாறில் 1939இல் மரியா மாண்டிசோரியே வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். பிள்ளை தானே கையாளும் பொருள்தான் அவர் முறைக்கு அடிப்படை. இன்று அந்தப் பெயரைப் போட்ட பலகைக்குக் கீழே நான்கு கோடு நோட்டில் பிள்ளைகள் கை வலிக்க எழுதுகிறார்கள். சரி, அது வேறு கதை.

கேகேநகர்_கீதா:
டீச்சர், இருபது பேர் பேட்ச் பத்தி நீங்க சொல்றது புரியுது. ஆனா இந்த "சும்மா விளையாட விடுங்க" பேச்சை யார் பேசுறாங்கன்னும் பாருங்க. வீட்ல கதைப் புத்தகம் இருக்கு, படிச்சுக் காட்ட தாத்தா இருக்கார். எங்க வீட்ல வேலை செய்யற அக்கா காலைல 5 மணிக்குக் கிளம்பினா ராத்திரி 8க்குத்தான் வீடு. அவங்க பொண்ணுக்குத் துணைன்னா அந்தத் தெரு டியூஷன் அக்கா மட்டும்தான். அவங்க கிட்ட போய் 7 வயசு வரைக்கும் பொறுங்கன்னு சொல்லுவீங்களா?

நைட்ஷிஃப்ட்:
இதுல ஒரு பாயிண்ட் இருக்கு. ஆனா வசதியில்லாத வீட்ல கணக்கே வளராதுன்னு ஆகிடாது. பிரேசில்ல ரெசிஃபி நகரத்துல தெருவுல தேங்காய் விக்கிற பசங்களை வெச்சு 1985ல ஒரு ஆய்வு வந்துச்சு. வியாபாரத்துல கேட்ட கணக்குல 98 சதவீதம் சரி. அதே மாதிரி எண்களைப் பேப்பர்ல வெறும் கணக்கா குடுத்தா 37 சதவீதம்தான். மெரினாவுல சுண்டல் விக்கிற பையன் மீதிச் சில்லறை குடுக்கிற வேகத்தைப் பாருங்க. அந்தப் பசங்க வேலைக்குப் போகணும்னு சொல்லல, தப்பா எடுத்துக்காதீங்க. தலைக்குள்ள இருக்கிற கணக்கு ஒர்க்‌ஷீட்டுக்கு வந்து சேரல, அவ்வளவுதான்.

பெரம்பூர்_அப்பா:
இதைத்தானே நானும் சொல்றேன்! என் பையனுக்கு ஒர்க்‌ஷீட் வேண்டாம்.

கேகேநகர்_கீதா:
இல்ல சார், நீங்க 7 வயசுன்னு கோடு போட்டீங்க. நைட்ஷிஃப்ட் சொல்றது சொல்லித்தர்ற விதத்தைப் பத்தி. உங்க பையன் நாளைக்கே மளிகைக் கடையில பத்து ரூபா குடுத்து மீதி வாங்கிப் பழகலாம். அக்கா பொண்ணு விஷயத்துக்கு இன்னும் யாரும் பதில் சொல்லல.

ஓய்வுபெற்ற_டீச்சர்:
நான் சொல்கிறேன். அந்தக் குழந்தை டியூஷனுக்குப் போகட்டும். அந்த டியூஷன் அக்காவிடம் "இவளுக்கு எது வரவில்லை?" என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். "எட்டு வரை எண்ணுகிறாள், ஒன்பதில் நிற்கிறாள்" என்கிற மாதிரி பதில் வந்தால் நல்ல இடம்.

பெரம்பூர்_அப்பா:
எங்க தெருமுனையில நான் கேட்டேன் டீச்சர். "பேட்ச் 4 மணிக்கு சார், ஃபீஸ் முன்பணம்"னாங்க.