ரவிவர்மா படத்தோட உங்களுக்கு நடந்தது

உப்புவெளிக்காரி:
அம்மம்மாவின்ர சாமியறை லட்சுமி, ஓவியர் ரவி வர்மா கீறினதின்ர அச்சுப்படம். எல்லார் வீட்டிலயும் இருந்ததுதான், விளக்கம் தேவையில்லை. சுனாமிக்குப் பிறகு தாமரை மட்டத்துக்குத் தண்ணிக் கறை. பிரேம் மாத்தக் குடுத்தன். கடைக்காரர் பின் மட்டையைக் கழட்ட, படத்தின்ர அடி ஓரத்தில பொடி எழுத்து: 'ரவி வர்மா பிரஸ், கார்லா லோனாவ்லா'. இவ்வளவு காலமும் பழைய சட்டம் மறைச்சுக்கொண்டு இருந்திருக்கு. நான் போனை எடுக்கிறதுக்கிடையில மனுசன் அடிமட்டத்தை வைச்சு ஓரத்தைச் சீவிட்டார். "நேரா வரோணும் தங்கச்சி" எண்டார். சீவின துண்டையும் கூட்டி அள்ளியாச்சு. இப்பவும் வயிறு எரியுது.

குளக்கோட்டன் மகன்:
ஏன் அக்கா எரியோணும்? அது ரவி வர்மா கைபட்ட படமில்லையே. 1894 இல பம்பாயில பிரஸ் தொடங்கினது அவர்தான். ஆனா கடன் ஏறி, அவர் உயிரோட இருக்கேக்கையே ஷ்லைகர் எண்ட ஜெர்மன்காரரிட்டப் போயிட்டுது. 1906 இல அவர் செத்த பிறகும் அச்சு ஓடினது. கைபட்டது பார்க்கோணுமெண்டா திருவனந்தபுரம் போங்கோ. அப்பாவை வைத்தியத்துக்குக் கொண்டுபோன நேரம் சித்ரா கலைக்கூடத்துக்குள்ள நுழைஞ்சன். 'அன்னமும் தமயந்தியும்' எண்டு அவர் 1899 இல கீறின படம். சேலை மடிப்பைக் கிட்டப் பார்த்தா வெறும் எண்ணெய்ச் சாயக் கீறல், கொஞ்சம் பின்னுக்கு வந்தாப் பட்டு! முன்னுக்கும் பின்னுக்கும் நடந்து காவலாளி முறைச்சதுதான் மிச்சம்.

திருக்கடலூர் பெடியன்:
எங்கட வீட்டுச் சரஸ்வதி படத்துக்கு அப்பாச்சி சரிகையும் மணியும் தைச்சவ, ஊசி ஓட்டை இப்பவும் தெரியும். அது கிடக்கட்டும். அக்கா, புதுப் பிரேமில கண்ணாடி படத்தில முட்டக்கூடாது, இடையில படத்தைச் சுத்தி வாற மவுண்ட் மட்டை வைக்கச் சொல்லுங்கோ. எங்கட உப்புக்காத்துக்கு ஒட்டிப்பிடிச்சா மை உரிஞ்சுதான் வரும். மட்டை அமிலமில்லாததா இருக்கோணும். பின்னுக்கு ஹார்ட்போர்ட் அடிச்சா படம் பழுத்துப்போகும். செலோடேப் தொடவே வேண்டாம். வெளிச்சுவரில கொழுவாதேங்கோ, மாரிக்கு ஊறும். வெயிலும் விளக்குப் புகையும் படாத இடமாப் பாருங்கோ. கறையை நீங்களாக் கழுவ வெளிக்கிட்டால் சாயமும் சேர்ந்து போயிடும்.

சித்திர ரீச்சர்:
அச்செண்டால் பெறுமதியில்லையோ தம்பி? ராசாமாரையும் மதராஸ் கவர்னரையும் கீறிப் பேரும் காசும் எடுத்த மனுசன் அவர். பரோடா மன்னருக்கு 14 புராணப் படம் கீறோணுமெண்டு தன்ர தம்பி ராஜராஜ வர்மாவோட வடக்கெல்லாம் திரிஞ்சு, எந்த ஊர்ச் சனம் என்ன உடுக்குதெண்டு பார்த்தவர். அந்தப் படங்கள் அரண்மனைக்குப் போச்சு. எங்கட வீட்டுக்கு வந்தது அச்சுதானே?

நவராத்திரிக்குப் பிள்ளையளைச் சரஸ்வதி கீறச் சொன்னன். கொப்பியைத் திறந்தா எல்லாத்திலயும் ரவி வர்மா படத்தில இருக்கிற அதே முகம், அதே பாறை, அதே மயில். சாம்பல்தீவுப் பிள்ளை ஒண்டு மட்டும் மயிலுக்குப் பதிலாக் கொக்கு கீறியிருந்தது. "மயிலைக் கிட்டப் பார்க்கேல்லை ரீச்சர்" எண்டாள். அவளுக்குத்தான் கூடின புள்ளி போட்டன். மற்றப் பிள்ளையளின்ர தாய்மார் சண்டைக்கு வந்திட்டினம்.

குளக்கோட்டன் மகன்:
பெறுமதியில்லை எண்டு நான் எங்க சொன்னன் ரீச்சர்? கைபட்டதில்லை எண்டுதான் சொன்னன். தாய்மாரிட்ட என்ன சொல்லிச் சமாளிச்சனீங்கள்?