புளியங்கொட்டை வைத்து எண்ணும் அப்பத்தா

கானாடுகாத்தானிலிருந்து:

போன ஆடியில் ஊருக்குப் போயிருந்தேன். வெள்ளைப் பணியாரத்துக்கு அரிசி அளக்க அப்பத்தா ரெண்டாங்கட்டில் உட்கார்ந்தார். வயது 79. அளவு டம்ளர் நிறையப் பச்சரிசி, அதன் தலையில் கோபுரமாக உளுந்து. எங்கள் வீட்டில் என்றைக்கும் இதே கணக்குதான். "மூணு... நாலு..." என்று எண்ணிக்கொண்டிருந்தவரிடம், பெட்டகச் சாவி எங்கே என்று கேட்டுவிட்டேன். வளவில் டிவி அலறிக்கொண்டிருந்தது. அப்பத்தாவின் கை அப்படியே நின்றது. டம்ளரைப் பார்த்தார், பாத்திரத்தைப் பார்த்தார். "எத்தனை போட்டேன் ஆத்தா?" என்றார். எனக்கும் தெரியவில்லை. அவ்வளவையும் திரும்பக் கொட்டி முதலிலிருந்து அளந்தார். அப்போது அவர் கண் கலங்கியதை நான் பார்த்தேன்.

அன்று ராத்திரியே, தன் கல்யாணத்துக்கு வந்த சாமான்களைப் பித்தளை, வெண்கலம், மங்கு என்று வரிசையாகச் சொன்னார். யார் வீட்டிலிருந்து எது வந்தது என்பதுவரை. அறுபது வருஷக் கதை இருக்கிறது, ஒரு நிமிஷத்துக்கு முன் எண்ணியது இல்லை. பயந்துபோய் நரம்பியல் மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போனோம். சோதித்துப் பார்த்துவிட்டு, இது டிமென்ஷியா என்கிற மறதி நோய் இல்லை என்றார். பழைய நினைவு வேறு, வேலை நடக்கும்போது நாலைந்து விஷயங்களை மனதில் ஏந்தி வைத்திருப்பது வேறு. இந்த ஏந்தி வைக்கும் வேலையைப் பெரும்பாலும் நெற்றிக்குப் பின்னால் உள்ள மூளைப்பகுதி பார்க்கிறது. வயதாக ஆக மூளையில் வேகமாகச் சுருங்கும் பகுதிகளில் அதுவும் ஒன்று. மூளை நரம்புகளுக்கிடையே செய்தி கடத்தும் டோபமைன் என்ற ரசாயனமும் குறைகிறது.

எனக்கு உறைத்தது அவர் அடுத்துச் சொன்னதுதான். 2005-ல் கலிஃபோர்னியாவில் ஆடம் கசாலி என்ற மூளை ஆய்வாளரும் கூட்டாளிகளும் ஒரு ஆய்வு செய்தார்கள். முகப் படங்களையும் இயற்கைக் காட்சிகளையும் மாற்றி மாற்றிக் காட்டி, ஒன்றை மட்டும் நினைவில் வை, மற்றதை விட்டுவிடு என்றார்கள். வேண்டியதைக் கவனிப்பதில் பெரியவர்களின் மூளை இளையவர்களுக்குச் சளைக்கவில்லை. வேண்டாததை ஒதுக்குவதில்தான் பின்தங்கியது. அதிலும், ஒதுக்க முடியாதவர்களுக்குத்தான் நினைவும் தடுமாறியது. அப்பத்தாவுக்கு அன்று இடைஞ்சல் நானும் டிவியும்.

இப்போது ஒவ்வொரு டம்ளருக்கும் ஒரு புளியங்கொட்டையை எடுத்துப் பக்கத்தில் வைக்கிறார். யோசனை அவருடையதே. அந்த நேரத்தில் டிவியை அணைத்துவிடுகிறோம். உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் நீங்கள் பார்த்ததையும் எழுதுங்கள்.

தேவகோட்டையிலிருந்து:

எங்கள் அப்பச்சிக்கு 76. கடைக் கணக்கு முழுக்க மனக்கணக்காகவே போட்டவர். இப்போதும் வாய்ப்பாடு ஒன்றுகூடப் பிசகாது. "ஆறேழு நாப்பத்திரெண்டு, ரெண்டு போட்டு நாலு மிச்சம்" என்பார். அடுத்த பெருக்கலை முடிப்பதற்குள் அந்த நாலு நழுவிவிடும். வாய்ப்பாடு எங்கேயும் போகவில்லை, மிச்சம்தான் நிற்பதில்லை. இது புரியாமல் "அப்பச்சிக்குக் கணக்கே மறந்துபோச்சு" என்று நாங்கள் பேசிக்கொண்டதை இப்போது நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. மிச்சத்தை மட்டும் எழுதிக்கொள்ள ஒரு சின்ன நோட்டு வாங்கிக் கொடுத்தேன். கணக்கு பழையபடி சரியாக வருகிறது.

ஒன்று சேர்த்துச் சொல்ல வேண்டும். முதுமை என்றால் மூளை தேய்வது மட்டும் இல்லை. இளையவர்கள் நெற்றிக்குப் பின்னால் உள்ள மூளைப்பகுதியின் ஒரு பக்கத்தை அதிகம் பயன்படுத்தும் நினைவுச் சோதனைகளில், பெரியவர்கள் பலர் இரண்டு பக்கத்தையும் பயன்படுத்துவதை ஸ்கேனில் பார்த்திருக்கிறார்கள். ரோபர்ட்டோ கபேசா 2002-ல் வெளியிட்ட ஆய்வில், நன்றாகச் செய்த முதியவர்களிடம்தான் இது தெரிந்தது. ஒரு கை தளர்ந்தால் மறு கையையும் கொடுத்துத் தூக்குவதில்லையா, அதுபோல. இதற்கு வேறு விளக்கம் சொல்பவர்களும் உண்டு.

பள்ளத்தூரிலிருந்து:

2019-ல் பாஸ்டன் பல்கலைக்கழகத்தில், 60 முதல் 76 வயது வரை உள்ளவர்களின் தலையில் 25 நிமிடம் மெல்லிய மின்னோட்டம் கொடுத்து, மூளையின் நெற்றிப் பகுதியும், காதுப் பக்கத்துப் பொட்டுப் பகுதியும் ஒரே தாளத்தில் இயங்கும்படி செய்து பார்த்தார்கள். வேலை நினைவு, அதாவது வேலை நடக்கும்போது மனதில் ஏந்தி வைக்கும் திறன், இளையவர்கள் அளவுக்கு ஏறியது. அந்தப் பலன் நிற்கிறதா என்று அவர்கள் கவனித்தது 50 நிமிடம் வரைதான். அது ஆய்வுக்கூடத்துச் சோதனை. அதைக் காட்டி யாராவது மிஷின் விற்க வந்தால் தயவுசெய்து வாங்கிவிடாதீர்கள்.

எங்கள் அயித்தைக்குத் திடீரென்று மறதி கூடியது. வயசுதானே என்று ஆறு மாதம் விட்டுவிட்டோம். ரத்தச் சோதனையில் வைட்டமின் பி12 மிகவும் குறைவு என்று வந்தது. ஊசி போட்ட பிறகு நன்றாகத் தெளிந்தார். தெரிந்த தெருவில் வழி தவறினாலோ, சொந்த மனிதர்களை அடையாளம் தெரியாமல் போனாலோ ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதீர்கள்.

கானாடுகாத்தானிலிருந்து:

பி12 பார்க்கவில்லை, வியாழக்கிழமை கூட்டிக்கொண்டு போகிறேன். அப்பச்சி நோட்டுக் கதையை அப்பத்தாவிடம் சொன்னேன். "நோட்டு எதுக்கு, கொட்டை இருக்கே" என்று சிரித்தார். நேற்றுப் பத்து டம்ளர் அளந்தார். பத்துக் கொட்டை, சரியாக இருந்தது.